தெரெந்தி அங்கே வந்தால்

அன்பு மகள் உஸ்தீனாவுக்கு, அப்பா லுக்யான் சொல்லச் சொல்லத் தபால்காரி போலினா எழுதுவது. இங்கே நானும் மாடும் மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா என்று அறிய ஆசை. உருளைக்கிழங்கு பரவாயில்லை, மழைதான் விட்டபாடில்லை. அதெல்லாம் கிடக்கட்டும், உன் தம்பி தெரெந்தி வீட்டில் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நினைவிருக்கும், கிளாவ்தியாவின் பின்னால் நம் தெரெந்தியும் அக்கார்டியன் வாசிக்கிற மித்ரோஃபானும் சேர்ந்தே அலைந்தார்கள், அவள் நம் பையனைத்தான் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகும் இவனுக்கு நம்பிக்கை வரவில்லை. பால்பண்ணையிலிருந்து அவள் சிரித்த முகமாக வந்தால் போதும், யாருகிட்ட சிரிச்சிட்டு வர்றன்னு ஆரம்பிப்பான். மாட்டுகிட்ட, அது ஒண்ணுதான் என்னைச் சந்தேகப்படாம பாக்குது என்பாள் அவள். இந்தக் கோடையில், இயந்திரம் இறங்காத ஆற்றோரச் சரிவில், நின்றபடி வீசுகிற நீட்டுக்காம்பு அரிவாளால் புல் அறுக்கச் சொன்னார் கூட்டுப்பண்ணைத் தலைவர். எப்போதும்போல ஒருவர் பின் ஒருவராக வரிசை. அணித்தலைவி மார்ஃபா யோசிக்காமல் மித்ரோஃபானை முன்னாலும் தெரெந்தியை அவன் பின்னாலும் நிறுத்திவிட்டாள். புல் வாரிக்கொண்டிருந்த கிளாவ்தியாவிடம் மித்ரோஃபான் தண்ணீர் வாங்கிக் குடித்தான், எல்லாரும்தான் குடித்தோம். உடனே தெரெந்தி, டேய், சீக்கிரம் நகரு, இல்லாட்டி குதிகால அறுத்துடுவேன் என்று கத்தினான். நாங்கள் சிரித்தோம். பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனை அப்படி மிரட்டாத அறுப்பு நம் ஊரில் ஏது? மித்ரோஃபானும் திரும்பாமலே, உன் அரிவாள் வெண்ணெயக்கூட அறுக்காதுடா என்றான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அலறினான். தெரெந்தியின் அரிவாள் அவன் குதிகால் நரம்பில் இறங்கியிருந்தது. வேண்டுமென்று வீசினானா, ஈரப் புல்லில் கை சறுக்கியதா, பெற்ற எனக்கே தெரியவில்லை மகளே, அவன் முகத்தைப் பார்த்தேன், அதிலும் தெரியவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் மித்ரோஃபான், நான்தான் பின்னால சறுக்கினேன், அவன்மேல தப்பில்ல என்று சொல்லிவிட்டான். ஜெயில் இல்லை, ஆனால் அந்தக் கால் இனிச் சரியாக ஊன்றாது. அவன் அம்மாவுக்கோ கண் தெரியாது. நம்ம வீட்டு அரிவாள் செஞ்ச வேலைக்கு நம்ம கைதானே, மாமா, உதவணும் என்று கிளாவ்தியா காலையும் மாலையும் போய் அவர்கள் மாட்டைக் கறந்து கொடுக்கிறாள். தெரெந்தி தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. வேலியோரம் நின்று அந்த வாசலையே பார்ப்பான். ஒருநாள் என்னிடம், அவன் என்னைக் காட்டிக்குடுத்திருந்தா நிம்மதியா ஜெயிலுக்குப் போயிருப்பேம்ப்பா என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் பால் லாரியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனவன் திரும்பவில்லை.

உன் ஊர் ஆலையில் ஆள் எடுப்பதாக முன்பு பேசியிருக்கிறான், அங்கேதான் வருவான். வந்தால் எதையும் கேட்காதே, சூடாக முட்டைக்கோஸ் சூப் கொடு, தூங்கவிடு. மாப்பிள்ளையிடம் சொல்லி வேலையில் மட்டும் சேர்த்துவிடாதே, அப்புறம் அவன் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டான். பேத்திக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். ஆண்டவன் உங்களைக் காப்பாற்றட்டும், அரசாங்கத் தபாலில் ஆண்டவன் பெயரை எழுதலாமா என்று போலினா விழிக்கிறாள், எழுதும்மா என்றேன்.

மறக்காமல் கிளாவ்தியா சொன்னதை அவனிடம் சொல். நான் யாரு வீட்டு மாட்டக் கறக்குறேன்னு வேலியோரம் வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க மாமா, அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு எப்படிச் சந்தேகப்படுவாராம் என்றாள். சொல்லிவிட்டுத் தலைத்துணியை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள்.

இப்படிக்கு, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உன் அப்பா,
லுக்யான் (கீறல் என் கையால் போட்டது) X