சுவருக்குக் கழித்த கண்ணூறு

ஆவணி 12, வியாழன்

அம்பலத்தாடும் ஐயனே, எழுதுமுன் உன் தாள் பணிந்தேன். எழுதுவது பொய்யாகாதிருக்க அருள்.

வெக்கை. கண்மருந்து தீர்ந்தது. பாராயணம் குறைவின்றி.

எங்கள் முதியோர் குடியிருப்பின் கார்த் தரிப்பிடச் சுவரில் ஓவியம் நிறைவேறும் தறுவாய். யூதப் பிள்ளைகள் அறுவர், அரபுப் பிள்ளைகள் அறுவர். பதினாறு, பதினேழு வயது. உற்றார் வாழும் மண்ணில் போர். இவர்கள் இங்கே ஒரே சுவரில். விதி ஒன்று: தன் கையைத் தானே வரைதல் ஆகாது. இணையாக அமர்ந்தவரின் கையைப் பார்த்தே வரைய வேண்டும். பன்னிரு சோடிக் கைகள், ஒரே நீளத் துணியை ஏந்தியபடி. வெள்ளியும் சனியும் வேலை இல்லை. ஒரு சாராருக்குத் தொழுகை, மறு சாராருக்கு ஓய்வுநாள்.

கீழ் மூலையில் லியா என்னும் யூதப் பெண்ணின் கைகள். வரைந்தவன் யூசுப் என்னும் அரபுப் பையன். நகக்கண் முதல் நரம்பு வரை உயிர். சுவரிலேயே அழகு அதுதான்.

அவர்கள் பேச்சு ஆங்கிலம். எனக்கு எட்டிய தமிழில் குறிக்கிறேன்.

"உன் விரலெல்லாம் கரட் மாதிரி. வரைந்து எனக்குப் பசிக்கிறது" என்றான் யூசுப்.

"கரட் உன் மூக்கு. அதைச் சுவரில் போட்டால் இடம் போதாது."

பி.ப. 3க்கு யூசுப்பின் கைபேசியில் செய்தி. அங்கே மாமன் வீடு இடிந்ததாம். "உன் ஆட்கள்" என்றான் லியாவிடம். "நான் எந்த வீட்டையும் இடிக்கவில்லை!" அவள் வீசிய தூரிகை அவன் தோளில். எல்லாரும் பார்த்தனர். பிறகு இருவரும் வேலையை முடித்தனர்.

ஆவணி 13, வெள்ளி

மேகமூட்டம். வாங்கியவை: கற்பூரம், வெற்றிலை, நீற்றுப்பூசணி ஒன்று. கடைக்காரப் பிள்ளை சிரித்தான்.

"என்ன ஐயா, புதுவீடு குடிபூரலோ?"

"சுவருக்கு."

"சுவருக்கும் கண்படுமோ ஐயா!"

படும். பணியை நடத்தும் ஓவியர் மைதிலி, இங்கு பிறந்த எம்மவர் பிள்ளை, மின்தூக்கியில் சொன்னாள்: "ஞாயிறு பதினொரு மணிக்குத் திறப்பு, அங்கிள். சனம் நிறைய வரும், கட்டாயம் வாங்கோ." சனம் நிறைய வந்தால் கண்ணும் நிறைய. நேற்றைய சண்டையே கண்ணூற்றின் முதற்குறி. அவளிடம் பூசணியைப் பற்றிச் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்கு உத்தரவு எதற்கு?

ஆவணி 15, ஞாயிறு

நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

கா. 5.40. சுவரடியில் இருள், எவருமில்லை. பூசணியில் துளையிட்டுக் குங்குமமும், மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்பு நீரும் இட்டு, மும்முறை சுற்றி, லியாவின் கைகள் இருக்கும் மூலைக்கு நேரே உடைத்தேன். அழகுள்ள இடத்தில்தானே கண் விழும். உடைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. பார்க்கவில்லை. கால் கழுவி, பஸ் ஏறிக் கோவில்.

11 மணிக்குத் திரும்பினேன். பொலிஸ் கார் இரண்டு. மஞ்சள் நாடா. அழுகை. பக்கத்து வீட்டுத் தியாகர் ஓடிவந்தார்.

"ஐயா, அநியாயம்! ஆரோ அந்தப் பிள்ளையின்ர கையில ரத்தத்தை ஊத்திப்போட்டு ஓடிட்டாங்கள்!"

பார்த்தேன். பூசணித் துண்டு ஒன்றும் இல்லை; இரவில் திரியும் ரக்கூன் விலங்குகள் இழுத்துப் போயிருக்க வேண்டும். சிவப்பு மட்டும் இருந்தது. லியாவின் இரு கைகளிலும், மணிக்கட்டுவரை, சொட்டுச் சொட்டாய். 'உன் கையில் இரத்தம்' என்று எவரோ எழுதிவிட்டுப் போனது போல.

என் செயல். சிவசிவா, என் செயல்.

"வியாழன் சண்டை பிடிச்சவன் உவன்தானாம்" என்றார் தியாகர். பொலிஸார் நடுவே யூசுப். "பதினாறு நாள் நான் அந்தக் கைகளை வரைந்தேன். அவற்றின்மேல் நானா? நானா?" நான்கு முழத் தூரத்தில் நின்றேன். 'நான்' என்ற ஒரு சொல் போதும். சீருடையைக் கண்டதும் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஊரில் அஞ்சிய அந்தச் சீருடை வேறு, இந்தச் சீருடை வேறு என்று அறிவு அறியும், உடல் அறியவில்லை.

மின்தூக்கி ஏறி மேலே வந்துவிட்டேன். கதவையும் பூட்டினேன்.

ஆவணி 16, திங்கள்

மழைத்தூறல். உணவு இல்லை.

எவரோ எடுத்த சுவரின் காணொளி ஊரெங்கும் பரவியதாம். பொலிஸ் கொண்டுபோன யூசுப்பை நேற்றிரவே விட்டுவிட்டார்கள், ஆயினும் விசாரணை உண்டு. அவன் தகப்பன் இனி அனுப்பமாட்டேன் என்றாராம். அரபுக் குடும்பங்கள் ஆறில் நான்கு விலகின. கீழே அறிவித்தல்: புதன் கிழமை சுவருக்கு வெள்ளை அடிக்கப்படும்.

மகள் மார்க்கம் நகரிலிருந்து தொலைபேசியில். உண்மையைச் சொன்னேன்.

"அப்பா, வாயைத் திறக்காதேங்கோ. பூசணிக்காய் எண்டா ஆர் நம்புவினம்? கேஸ் போட்டா என்ன செய்வியள்?"

"அந்தப் பொடியனில கேஸ் போட்டா?"

"அவன்ர தகப்பன் பாப்பார்."

பூசையில் அமர்ந்தேன். ஐம்பது ஆண்டாக ஓதும் பதிகம்; மூன்றாம் பாட்டில் நின்றுவிட்டது. அடுத்த அடி நினைவில் வரவே இல்லை. ஒருபோதும் இவ்வாறு நேர்ந்ததில்லை.

ஆவணி 17, செவ்வாய்

பி.ப. 6, கீழ்மண்டபத்தில் கூட்டம். பெற்றோர், குடியிருப்போர், பொலிஸ் பெண் ஒருவர், லியா. யூசுப் வீட்டார் இல்லை. குங்குமச் செப்போடு எழுந்தேன். நடந்ததைத் தமிழில் சொன்னேன். மொழிபெயர்க்க வேண்டிய மைதிலி என்னையே திருப்பிக் கேட்டாள்.

"பூசணிக்காயா? அங்கிள்... சீரியஸா?"

"ஓம் பிள்ளை. சொல்லு."

சொன்னாள். எவரும் சிரிக்கவில்லை. பொலிஸ் பெண் செப்பைத் திறந்து முகர்ந்தார். ஏதோ எழுதினார்.

லியா கேட்டாள்: "ஏன் என் கைகள்?"

"அவைதாம் மிக அழகு. கண்படக் கூடாதென்று."

"எப்போது உங்களுக்குத் தெரிந்தது?"

"ஞாயிறு, பதினொரு மணிக்கு."

"யூசுப் அங்கே நின்றபோது?"

"ஓம்."

ஏசுவாள் என்று தலை குனிந்தேன். அவளோ நாற்காலியில் சரிந்தாள். "பொலிஸிடம் அவன் பெயரைச் சொன்னது நான்."

பிறகு அவளே எழுந்தாள். மைதிலியின் காரில் மூவரும் யூசுப் வீட்டுக்கு. தகப்பன் கதவைத் திறந்தார், பின்னால் அவன். கைகூப்பிச் சொன்னேன், சொல்லாது ஒளிந்ததையும் சேர்த்து.

யூசுப் முன்னே வந்தான். "உங்களை மன்னிக்கலாம், ஐயா. உங்களுக்கு என்னைத் தெரியாது." லியாவிடம் திரும்பினான். "நீ பதினாறு நாள் என் கையைப் பார்த்து வரைந்தவள்."

கதவு சாத்தப்பட்டது.

ஆவணி 18, புதன்

வெயில். வெள்ளையடிப்பு நிறுத்தம்; மைதிலி காலையிலேயே பேசித் தடுத்துவிட்டாள். நான்கு குடும்பங்களும் இன்னும் மறுமொழி தரவில்லை.

9 மணி முதல் லியா தனியே, வாளியும் பஞ்சுமாய். நானும் துணியோடு சென்றேன். "வேண்டாம்" என்றாள். நீர் மட்டும் மொண்டு கொடுத்தேன். சுண்ணாம்பு கலந்த மஞ்சள் எளிதில் போகாது. அவள் அழுத்தித் தேய்த்தாள். ஓவியத்தில் விரல் நுனி ஒன்று வெளிறத் தொடங்கியது.

பி.ப. 2. கார் ஒன்று. தகப்பன் இறங்கவில்லை, என்ஜினையும் நிறுத்தவில்லை. யூசுப் மட்டும் வந்து, பத்தடி தள்ளி நின்றான். அவள் திரும்பவில்லை, தேய்த்தபடியே இருந்தாள்.

"தேய்க்காதே" என்றான். "கீழே இருக்கிற கை போய்விடும்."

கொண்டுவந்த வர்ணப் பெட்டியைத் திறந்தான். காரின் என்ஜின் நின்றது.

இந்த ஏட்டை எவர் கையில் எடுப்பினும் அவர்க்கும் அவர் மனையார்க்கும் நலம் பெருகுக. வேளை வரும்போது வாய் திறக்கும் துணிவை ஐயன் அவர்களுக்கு அருள்க.