பாதி அழிறப்பர்

மன்னித்துக்கொள். நீ இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதாதவள், நீ போய் இரண்டு வருடம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருப்பவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன்.

இன்று என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இரண்டு கோணங்கள் வரைந்தேன். இரண்டும் ஒரே அளவு. ஒன்றின் கரங்கள் மட்டும் நீளம். எது பெரிது என்று கேட்டேன். ஒரு பிள்ளை எழும்பினாள்.

"நீளமானதுதான் டீச்சர். கரைவலைக் கயிறு நீளமா இருக்கேக்க ரெண்டு பக்கத்து ஆக்களும் எட்ட எட்ட நிக்கினம். கயிறு குறையக் குறையக் கிட்ட வருகினம்தானே?"

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்து, கொப்பியில் எழுதிய விடையைத் தேய்த்து அழித்தாள். பழ வாசம் வந்தது. நீ பிளேட்டால் இரண்டாக வெட்டி எனக்குப் பாதி தந்த அழிறப்பரின் அதே வாசம்.

ஓலைத்தொடுவாய்க் கரையில் நம் அப்பாமார் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்று கடலிலிருந்து வலை இழுத்ததைப் பார்த்துத்தான், நம் வகுப்பில் இதே கேள்வி வந்த அன்று நானும் அதே விடையைக் கண்டுபிடித்தேன். உன் காதில் சொன்னேன். நீ படத்தை உற்றுப் பார்த்தாய். "ரெண்டும் ஒரே மாதிரித்தானேடி கிடக்கு?" என்றாய். "கரைவலையை யோசிச்சுப் பார்" என்றேன். கணக்கில் நான் கெட்டிக்காரி. நீ நம்பினாய்.

ஆசிரியர் உன்னை எழுப்பினார். என் விடையை, வலைக் கதையோடு சேர்த்து, நீ சத்தமாகச் சொன்னாய். "இவள் வகுப்புக்கையும் வலை இழுக்கிறாள்!" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரிக்க, நான் தலையைக் குனிந்து, நீ தந்த பாதி அழிறப்பரால் என் விடையை அழித்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஏச்சை எதிர்பார்த்தேன். "நீ எழும்பியிருந்தா அழுதிருப்பாய். எனக்குத் தோல் தடிப்படி" என்று நீதான் சிரித்தாய்.

ஆனால் அதற்குப் பிறகு நீ உன் கண்ணை நம்பவில்லை. எந்தக் கணக்குக்கும் என் கொப்பியைப் பார்த்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சாதாரணதரப் பரீட்சையில் கணக்குத் தவறி நீ படிப்பை விட்டு நின்றுவிட்டாய். எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாக நான் பல்கலைக்கழகம் போனேன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. பஸ்ஸில் இன்றும் யன்னல் பக்கத்தை விட்டுத்தான் இருக்கிறேன். அது உன் இடம்.

இன்று இரண்டு ஈர்க்குகளை ஒரு முனையில் கட்டி, விரித்துப் பிடித்து, நுனிகளை முறித்துக் காட்டினேன். கரங்கள் குறுகின, கோணம் அப்படியே இருந்தது. "கரையில ஆக்கள் கிட்டக் கிட்ட வாறதாலதான் கோணம் சின்னனாகுது, கயிறு குறையிறதால இல்லை. நானும் முந்தி இப்பிடித்தான் பிழையா நினைச்சனான்" என்றேன். சிரிப்பு நின்றது. இவ்வளவு சின்ன வசனம், அன்று ஏன் என் வாயில் வரவில்லை?

போன ஞாயிறு பூசை முடிந்து உன் அம்மாவைக் கண்டேன். "உன்னோட இருந்தும் என்ர பிள்ளைக்குக் கணக்கு ஏறேல்லையே, மகள்" என்றார். வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தப் பாதி அழிறப்பர் கறுத்துக் கல்லாகி என் பேனைப் பெட்டிக்குள் கிடக்கிறது. இப்போது எதையும் அழிக்காது. நாளை பின்னேரம் அதையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். நீ சரியாகத்தான் பார்த்தாய், பிழை என்னுடையது என்று உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், வாசலிலேயே நின்று திரும்பிவிடுவேன்.

உள்ளே போனால் நானே சொல்லிக்கொள்வேன். வேலிப் படலை வரைக்கும் மட்டும் என்னோடு வருவாயா?