வேலி வரை ஓடிய ட்ராக்டர்

ஒக்டோபர் 12, ஞாயிறு

இன்று ட்ராக்டர் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதனால்தான் நித்திரை வரவில்லை.

மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுப் பின்வளவு நாலு பாய் விரித்தால் முடிந்துவிடும். மகன் குகன் துருப்பிடித்த பழைய தோட்ட ட்ராக்டர் ஒன்றை அங்கே கொண்டுவந்து இறக்கியபோது, "இதால எங்கையடா உழப்போறாய்?" என்று கேட்டேன்.

"உழுறதுக்கில்லை அப்பா. சும்மா வந்து பாருங்கோ."

பார்க்கத்தான் போனேன். அடுத்த ஞாயிறு அவன் எஞ்சினைத் திருத்த நான் டோர்ச் பிடித்தேன். பிறகு அவன் எழும்ப முன்னமே ஸ்பானரோடு வளவில் நிற்கத் தொடங்கினேன்.

பங்குனியில் அவன் இறந்துவிட்டான். எஞ்சின் பாதி கழற்றியபடி கிடந்தது. மிச்சத்தை நான் தனியாகப் பூட்டினேன்.

இன்று கயிற்றை இழுத்தேன். இருமியது. இன்னொருமுறை இழுக்கப் பிடித்துக்கொண்டது. உடனே வீட்டுப் பக்கம் திரும்பி, மகனைக் கூப்பிடுகிற மாதிரியே "தம்பி, ஓடி வாடா!" என்று கத்திவிட்டேன்.

குசினிக் கதவைத் திறந்துகொண்டு வந்தது மனைவி. என்னைப் பார்த்தாள். திரும்பப் போய் ஒரு தேசிக்காய் எடுத்துவந்து முன்சில்லுக்குக் கீழே வைத்தாள். முதல் ஓட்டத்துக்கு அம்மாதான் தேசிக்காய் வைக்கவேண்டும் என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

"எடுங்கோ" என்றாள்.

சீட்டில் ஏறி ட்ராக்டரை எடுத்தேன். காய் நசிந்து எலுமிச்சை மணம் வந்தது. உடனேயே வேலி வந்துவிட்டது. எஞ்சினை நிற்பாட்ட மனம் வரவில்லை. பெற்றோல் தீரும்வரை சீட்டிலேயே இருந்தேன். அவள் பின்னால் நின்றாள்.

சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் அழுவது கேட்டது. எப்போது தொடங்கினாளோ தெரியாது.