பதினாறு பாகை

ஹம்பேர்க்,
12.01.2026

அன்புள்ள கீர்த்தனனுக்கு,

போனில் கதைத்தால் சண்டைதான் வருகிறது, எழுதி அனுப்பும் என்றீர்கள். எழுதுகிறேன். நாங்கள் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. பிள்ளை வர்ஷாவுக்குத் தடிமனும் இருமலும் மாறவில்லை.

நீங்கள் வால்டோர்ஃபில் இருந்துகொண்டு போனிலுள்ள செயலியாலேயே இந்த வீட்டு ஹைற்சுங்கின் சூட்டைக் குறைக்கிறீர்கள். நான் கூட்டினால், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் குறைந்துவிடுகிறது. நேற்றுப் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைக்க முதல் அறை குளிர்ந்துவிட்டது. அவள் உதடு நடுங்க நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொன்னேனா? மற்ற அறைகளைப் பூட்டியே வைக்கிறேன். பிள்ளையின்ரை அறையை மட்டும் விட்டுவிடுங்கோ.

அன்புடன்,
துஷானி


வால்டோர்ஃப்,
17.01.2026

அன்பின் துஷானி,

கடிதம் கிடைத்தது. பிள்ளைக்கு இரண்டு சுவெற்றர் போட்டுவிடும். நானும் இங்கே ஜக்கெற்றோடுதான் சாப்பிடுகிறேன். கேஸ் விற்கிற விலைக்கு, பனிக்காலத்தில் கையில்லாச் சட்டையோடு திரிய ஏலுமே?

வெள்ளிக்கிழமை குசினி ஜன்னலைத் திறந்துவிட்டு மறந்துவிட்டீர் போல. சூடு சட்டென்று இறங்கினதைப் போனில் பார்த்தேன். எனக்கு எல்லாம் தெரியும், அம்மா!

வேலை நெருக்கடி. இந்த மாதம் வர ஏலாது.

உமது,
கீர்த்தனன்


வால்டோர்ஃப்,
04.02.2026

அன்பின் துஷானி,

பதில் இல்லை. போன் எடுத்தால் திரும்பவும் பிரச்சினை வரும் என்று நானும் எடுக்கவில்லை. கோபமாக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு கிழமையாக வீடு முழுக்கப் பதினாறு பாகையில் நிற்கிறது. நீர் ஒருக்காலும் கூட்டவில்லை. பார்த்தீரே, பழகினால் எல்லாம் ஏலும்! எனக்குச் சரியான சந்தோஷம். என்னைப் புரிந்துகொண்டீர்.

வர்ஷாவுக்கு முத்தங்கள்.

உமது,
கீர்த்தனன்


ஹம்பேர்க்,
08.02.2026

கீர்த்தனனுக்கு,

கடிதப்பெட்டி பார்க்க இன்றுதான் வீட்டுக்கு வந்தேன். சந்தோஷம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று வர்ஷாவுக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு, என்னோடு வேலை செய்யும் சுபானி அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். "என்னடி, பிள்ளையின்ரை கால் இப்படிச் சில்லெண்டு கிடக்கு?" என்று அக்கா ஏசினா. எனக்கு உங்கள் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்ல ஏலாது.

அன்றிலிருந்து நாங்கள் அங்கேதான். ஒவ்வொரு அறையின் சூட்டையும் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு, வீட்டில் ஆள் இல்லாதது தெரியவில்லை.

பிள்ளைக்கு இப்போது சுகம். எங்கள் உடுப்புகளை எடுத்துக்கொண்டேன். திரும்பி வர எனக்கு மனமில்லை.

ஹைற்சுங்கை இனி முழுக்கவே நிற்பாட்டிவிடுங்கோ.

துஷானி