மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, கடைசியில் என் தங்கையையே கட்டிக்கொண்ட யூசுப் மச்சானுக்கு, ஸலாம்.

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. அங்கே நலமில்லாமல் இருக்க வழியே இல்லை என்கிறார்கள். அதனால் உன் படகு மோட்டார் நலம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தாலும் அதைத்தான் முதலில் விசாரிப்பாய். உன் பெண்டாட்டி நூரு எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது கேள்வியாகத்தான் வரும். அதற்காக அவளிடம் எத்தனை முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய்?

இந்தக் கடிதத்தை ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். படகு வைத்திருப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் பயன் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் அரிசிக் கடையில் ரகசியம் என்று சொன்னது எதுவும் மட்டாஞ்சேரி பஜாரின் மறுமுனைக்கு நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட நீ ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கடைசிவரை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாய். அது என்னவென்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ போன பிறகு நூரு, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள். வெளியே வராமல் அவள் வீட்டோடு இருந்த அந்த மாதங்களில் நானும் படகைத் தொடவில்லை. மனம் வரவில்லை. உன் அரிசி மூட்டைக் கிட்டங்கியின் பின்வாசலில், காயல் ஓரமாக, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மாப்பிள்ளையும் இத்தா இருந்தான் என்று வைத்துக்கொள்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை என்பது அந்த மோட்டாரின் பெயர். படகு வாங்கிய முதல் நாள் யூசுப் என் தங்கையை ஏற்றிக்கொண்டு பெருமையாகப் புறப்பட்டான். பஜாரில் பாதிப் பேர் கரையில் நின்று பார்த்தோம். நடுக்காயலில் மோட்டார் நின்றுவிட்டது. ஒரு மீன்பிடித் தோணிக்காரர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். கரையில் சிரிப்பு அடங்கவில்லை. இறங்கியதும் யூசுப் மோட்டாரைக் காட்டி, "புதுசுல்ல, மாப்பிள்ளை முறுக்கு காட்டுறான்" என்றான். பெயர் அன்றே நிலைத்துவிட்டது. நூரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தவள், அதற்குப் பிறகு அந்தப் படகில் கால் வைக்கவே இல்லை.

ஆனால் மச்சான், அதற்குப் பிறகு மாப்பிள்ளை உன்னை ஒரு நாளும் ஏமாற்றவில்லையே? நாம் இருவரும் எத்தனை வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, சாப்பிட்ட கையோடு கிளம்பியிருப்போம். நீ ஒரு சடங்கு வைத்திருந்தாய். தொப்பியைச் சரிசெய்துகொள்வாய். பெட்ரோல் டேங்கின் தலையைப் பேரனின் தலையைத் தடவுவதுபோல இடது கையால் தடவுவாய். பிஸ்மில்லா சொல்வாய். மோட்டாரின் மண்டையில் வலது கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பாய். உடனே கிளம்பிவிடும். ஏன் இதெல்லாம் என்று நான் கேட்டால், "மாப்பிள்ளையை மரியாதையா கூப்பிடணும் வாத்தியாரே" என்பாய். ஆயுள் முழுக்க அறிவியல் நடத்திய நான் அதை நம்பாமலும் இருந்தேன், ஒவ்வொரு முறையும் தட்டு எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொண்டும் இருந்தேன்.

இத்தா முடிந்ததும் உன் மகன் காக்கநாட்டிலிருந்து போன் செய்தான். ஒரு ரிசார்ட்காரர் படகைக் கேட்கிறாராம். மாமா, வித்துடலாமே, யார் பார்த்துக்குவா என்றான். வீட்டில் உன் சட்டைகளை எல்லாம் கொடுத்தாயிற்று. கடையை வாடகைக்கு விட்டாயிற்று. அந்தப் படகும் போய்விட்டால் வெள்ளிக்கிழமை மதியம் நான் எங்கே போவேன், மச்சான்? இதை யாரிடமும் சொல்லவில்லை. நூருவிடம் சொல்ல வேண்டியதே இல்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"ஒரு தடவை ஏறுறேன்" என்றாள். "அக்கரை வைப்பின்ல அவரோட அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டாந்து விடு. எவனாவது கயிறு கட்டி இழுத்தான்னா அன்னைக்கே அந்த ரிசார்ட்காரருக்குப் போன் போட்டுருவேன். இன்னொரு தடவை இந்த பஜார் சிரிக்க நான் வரமாட்டேன்."

நான் நேராகக் கொச்சங்காடிக்குப் போய் ஆண்டனிச் சேட்டனைக் கூட்டி வந்தேன். மோட்டாரை உனக்கு விற்றவர் அவர்தானே. தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, படுக்கையில் கிடந்தவரைப் பார்க்க வந்த மருத்துவர்போல உச்சுக் கொட்டினார். "மாஷே, மோட்டாரு ஓடி மரிக்கில்ல. கிடந்நு கிடந்நுதான் மரிக்கும்" என்றார். ஓய்வு பெற்ற வாத்தியாரான என்னைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அவர் சொன்னது சரி. பெட்ரோல் பழசாகிப் பழைய வார்னிஷ்போல நாறியது, அதைக் கொட்டினோம். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. கீழே கியர் ஆயிலைத் திறந்தபோது பால்காப்பி நிறத்தில் வந்தது. தண்ணீர் புகுந்தால் அப்படி ஆகுமாம், அடைக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினார். தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் காய்ந்து, இதழ் ஒடிந்திருந்தது. உப்புத் தண்ணீரில் ஓட்டிய மோட்டாரை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நீ கழுவுவாய். உன் கடைசி ஓட்டத்துக்குப் பிறகு கழுவ ஆள் இல்லை. அதை நான் யோசிக்கவே இல்லை.

பிறகு ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தோம். பின்பக்கம் ஒரு சின்னத் துவாரத்திலிருந்து தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும், அடித்தால்தான் உள்ளே சூடு தணிகிறது என்று அர்த்தம். ஆண்டனிச் சேட்டன் குனிந்து, ஒழுங்காகப் போகிறதா, தடையில்லாமல் போகிறதா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். என் டாக்டர் என்னிடம் கேட்பதும் அதே மூன்று கேள்விதான்.

அப்படியாக ஒரு காலையில் நூரு ஏறினாள். உன் அக்காவுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கோழிக் குழம்பு. உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். நான் தொப்பியைச் சரிசெய்தேன். டேங்கின் தலையைத் தடவினேன். பிஸ்மில்லா சொன்னேன். இரண்டு தட்டு. கயிற்றை இழுத்தேன். மாப்பிள்ளை முதல் இழுப்பிலேயே கிளம்பினான். எனக்கு வந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பெருமை நடுக்காயல்வரை நீடித்தது. அங்கே வந்ததும் மாப்பிள்ளை இருமினான். இன்னொரு முறை இருமினான். நின்றுவிட்டான்.

நூரு தூக்குச்சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். நீரோட்டம் எங்களை மெதுவாகக் கடல் சேரும் அழிமுகத்துப் பக்கம் இழுத்தது. பாசி சுற்றியிருக்கும் என்று மோட்டாரைத் தூக்கிப் பார்த்தேன், சுற்றவில்லை. கயிற்றை இழுத்தேன். மறுபடி சடங்கை முதலிலிருந்து செய்தேன். தட்டு பலமாக விழுந்திருக்காது என்று கூடக் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். டேங்கை இன்னும் பிரியமாகத் தடவினேன்.

"அண்ணே, அது என்ன பூனைக்குட்டியா? தடவிக்கிட்டே இருக்கே?"

"யூசுப் இப்படித்தான் செய்வான்."

"அவர் தடவினா ஓடும். நீ தடவினா தூங்குது."

அதற்குள் ஒரு மீன்பிடித் தோணி பக்கத்தில் வந்துவிட்டது. மாஷே, கட்டி இழுக்கட்டுமா என்று தோணிக்காரர் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கயிற்றையும் வீசினார். கயிற்றின் நுனி நூருவின் மடியில், தூக்குச்சட்டியின் மேல் வந்து விழுந்தது. அவள் கொக்கியில் மாட்டினால் முடிந்தது, படகு ரிசார்ட்காரருக்கு. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவேன்.

அவள் கயிற்றை மாட்டவில்லை, விடவும் இல்லை. "இன்னொரு தடவை பாருண்ணே" என்றாள். "தடவாதே. பாரு."

பார்த்தேன். முதன்முறையாக டேங்கை ஒழுங்காகப் பார்த்தேன். அதன் பக்கங்கள் உள்ளே ஒட்டிப் போயிருந்தன, பல் போன கிழவரின் கன்னம்போல. பெட்ரோல் குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை அப்பளமாகிக் கிடந்தது. இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்?

என் வகுப்பில் பார்த்திருக்கிறேன், மச்சான். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் வருமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன். வராது. வெளியேறும் எண்ணெயின் இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும், அதற்கு இரண்டாவது ஓட்டை வேண்டும் என்று செய்து காட்டுவேன். அந்த டின்னை ஒவ்வொரு வருடமும் உன் கடையிலிருந்துதானே வாங்கிப் போவேன்? கொடுக்கும்போது நீ ஒரு மாதிரி சிரிப்பாயே, அது எதற்கு?

டேங்க் மூடியின் உச்சியில் ஒரு சின்னத் திருகு இருந்தது. நான் பிரியமாகத் தடவிக்கொண்டிருந்த அதே இடம். திருகினேன். ஸ்ஸ் என்று மாப்பிள்ளை மூச்சிழுத்தான். கன்னம் இரண்டும் டப்பென்று வெளியே வந்தன. ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கிக் கெட்டியாக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். ஓடியது. நூரு கயிற்றின் நுனியைத் தோணிக்காரருக்கே திருப்பி வீசினாள். "வேண்டா சேட்டா. மாஷுக்குப் பாடம் ஞாபகம் வந்துருச்சு."

வைப்பின்வரை நான் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். தடவுவதுபோலத் திருகைத் திறந்திருக்கிறாய். எல்லோரும் வலது கையின் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, வேலையை இடது கை முடித்திருக்கிறது. இவ்வளவு நாள் என்னிடம் ஏன் மறைத்தான் என்று நூருவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்த நூரு, கரை தெரியும்போது மெதுவாகச் சொன்னாள்.

"படகு வாங்கின அன்னைக்கு எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சுண்ணே. ஏறினதுல இருந்து அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். விடவே இல்லை."

"எந்தக் கை?"

"இடது கை."

அப்போதுதான் புரிந்தது, மச்சான். பஜார் முழுக்கச் சிரித்தபோது, பெண்டாட்டி கையைப் பிடித்திருந்தாள், அதனால் திருகைத் திறக்க மறந்தேன் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. பழியைத் தூக்கி மாப்பிள்ளை தலையில் வைத்துவிட்டாய். ஒருமுறை வைத்த பழியை மறுநாள் எடுக்க முடியுமா? அதற்காகவே ஒரு சடங்கைக் கண்டுபிடித்திருக்கிறாய்.

திரும்பி வந்ததும் ஆண்டனிச் சேட்டனைப் பிடித்தேன். விற்கும்போதே திருகைப் பற்றிச் சொல்லித்தான் கொடுத்தாராம். டிரம்மில் ஓட்டியபோதும் அவரேதான் திறந்து மூடியிருக்கிறார். இழுத்து வந்த அன்று சாயங்காலம் நீ போய், மாஷிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாயாம். சரி, இப்போதாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றேன். "மாஷு சயன்ஸ் அல்லே, அறியும்னு நெனச்சு" என்றார்.

படகை விற்கவில்லை, மச்சான். நூரு மகனிடம் போனில் சொல்லிவிட்டாள். எனக்கும் ஒரு நிபந்தனை போட்டாள்: திருகு அவள் பொறுப்பு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் வருவதற்குள் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். திறக்கிறாள், திரும்பி வந்ததும் மூடுகிறாள். ஒரு கையால்தான் பலகையைப் பிடிக்கிறாள் இப்போது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு மாப்பிள்ளையை நல்ல தண்ணீரில் கழுவுவேன். மழைக்காலத்திலும் சும்மா கிடக்க விடமாட்டேன், அவனையும் என்னையும். தட்டுவதால் ஒரு பயனும் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் கயிற்றை இழுப்பேன். இது சத்தியம்.

எப்போதும் உன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்த,
உன் மச்சான் ஹனீபா