முப்பத்தோராம் தேதி

திண்டிவனம்,
செப்டம்பர் 10

அன்பு மகன் ஆன்டனிக்கு, அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே நீயும் வெனிலாவும் குழந்தையும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். உன் தங்கை சகாய பிரியாவுக்கு மயிலம் காலேஜில் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், அண்ணனிடம் நானே சொல்வேன் என்றாள், சொல்லியிருப்பாள். தினமும் போனில் பேசிவிட்டு எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். இது அவளுக்குத் தெரியாத விஷயம்.

நம் தெருக்கோடியில் மல்லாட்டைக் கடலை பயிர் போட்டுக்கொண்டிருந்தார்களே, அந்த நிலத்தை ஒரு கம்பெனி வாங்கி ஐந்து மாடி கட்டப்போகிறது. நூற்றிருபது வீடு. நம் நகரில் இருப்பதே முப்பது வீடுதான். நாம் குடிவந்தபோது நூறடியில் வந்த தண்ணீர் இப்போது முந்நூறடியில் இருக்கிறது, மழை பெய்தால் மூன்று நாள் வடிவதில்லை, தெருவில் செப்டிக் டேங்க் லாரி நின்றால் சைக்கிள்கூடப் போகமுடியாது. எதிர்வீட்டு செபஸ்தியம்மாள் என்னிடம் வந்து, அத்தினி பேரும் மேலேயிருந்து பார்த்துகினு இருந்தா நான் மாடியில எப்படித் துணி காயப்போடறது என்று கேட்டாள். கேலியாகத்தான் தோன்றியது, யோசித்தால் அதுவும் நியாயம்தான். எல்லோரும் சேர்ந்து மனு எழுதச் சொன்னார்கள், எழுதினேன். முப்பது வீட்டிலும் கையெழுத்து வாங்கி, அடுத்த வீட்டு சின்னதுரையைக் கூட்டிக்கொண்டு போன வாரம் விழுப்புரத்தில் பிளான் பார்க்கிற ஆபீசுக்குப் போனேன்.

அங்கேதான் ஒரு கூத்து. அக்டோபர் ஜெபமாலைக்கு மாதா சுரூபத்தை எந்தத் தேதியில் யார் வீட்டில் வைத்து ஜெபிப்பது என்று வருஷாவருஷம் நான் தாள் எழுதுவேன் இல்லையா, அதிலும் அதே முப்பது பெயர், அதே கையெழுத்து. மனுவோடு கையெழுத்துத் தாளுக்குப் பதில் அதைச் சேர்த்துப் பின் அடித்துவிட்டேன். முப்பது வருஷம் டெப்போவில் பஸ் நேரம் எழுதியவன், பேப்பர் விஷயத்தில் தப்பே பண்ணமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன். அங்கே மனு வாங்குகிற அம்மா படித்துப் பார்த்துவிட்டு, ஏன் சார், நாலாம் தேதி சின்னதுரை வீடு, மல்லாட்டை சுண்டல்னு போட்டிருக்கே, அதுக்கும் அஞ்சு மாடிக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், சின்னதுரையும் சிரித்தான், நானும் சிரித்தேன்.

கடைசி வரிக்கு வந்ததும் அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, முப்பத்தொண்ணு ஆன்டனி, மனைன்னு இருக்கே, யாரு என்றார்கள். என் பையன், கனடாவில் இருக்கிறான், வீடு முப்பது, நாள் முப்பத்தொன்று, அதனால் கடைசி நாள் தெருக்கோடியில் இருக்கிற அவன் காலி மனையில் பந்தல் போட்டு மாதாவை வைத்து முடிப்போம் என்றேன். அந்த அம்மா கம்பெனியின் பைலை எடுத்துத் திருப்பிக் காட்டினார்கள். வழிக்காக உன் மனையைக் கம்பெனிக்கு விற்க சம்மதம் என்று நீ கொடுத்த கடிதம். அந்த மனை இல்லாவிட்டால் ரோட்டுக்கு அகலம் போதாதாம், ஐந்து மாடிக்கு அனுமதி வராதாம். ஒன்பது வருஷமாக அந்த வரியில் உனக்குப் பதில் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கடிதத்தில் நீயே போட்டிருந்தாய். மனுவைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சின்னதுரை டீ வாங்கிக்கொடுத்தான், பசங்களுக்கு அங்க என்ன கஷ்டமோ, வுடுங்கண்ணா என்றான். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனிதன். தெருவில் எல்லோரும் மனு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள், தாள் மாறிப்போச்சு, மறுபடி போகணும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மனை உன் பெயரில் வாங்கியது, உனக்கு என்ன தேவையோ எனக்குத் தெரியாது. விற்பது தப்பென்று நான் எழுதவில்லை. என்னிடம் சொல்லாமல் விட்டாயே, அதுதான் வருத்தம், அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை. இன்னும் பத்திரம் ஆகவில்லை, சம்மதக் கடிதத்தைத் திரும்ப வாங்கலாம் என்று அந்த ஆபீஸ் அம்மாவே சொன்னார்கள்.

உன்னையும் வெனிலாவையும் பிள்ளையையும் மாதா கைவிடமாட்டாள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. குளிர் வருமுன் பிள்ளைக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கு. அக்டோபர் தாளை இதோடு வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் தேதிக்கு நேரே இந்த வருஷம் நான் கையெழுத்துப் போடவில்லை. நீ போட்டு அனுப்பு, இல்லையென்றால் உன் பெயரை உன் கையாலேயே அடித்து அனுப்பு. எதுவானாலும் அக்டோபர் இருபத்தைந்துக்குள் வந்துசேர வேண்டும். உன் நாளுக்கு என்று அம்மா இப்போதே கொண்டைக்கடலை வாங்கி வைத்துவிட்டாள்.

இப்படிக்கு
உன் அப்பா
அடைக்கலராஜ்