செருப்புக் காலோடு உள்ளே வந்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

உன்னை இப்படிக் கூப்பிட்டு ஒன்பது வருடம் ஆகிறது. நீ போய்ச் சேர்ந்தே இரண்டு வருடம் ஆயிற்று. உன் எழவுக்கு வந்தேன். தெருவில் நின்றுவிட்டு, மதினியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

போன செவ்வாய்க்கிழமை திண்டுக்கல்லில் ஒரு நரம்பு கிளினிக்கிற்குப் போனேன். ஆறு மாதமாகக் கால் மரத்துப் போகிறது, படியில் தடுக்குகிறது. கட்டிலில் படுக்க வைத்து, பசை தடவி, பாதத்தில் ஒயர்களை ஒட்டினார்கள். நரம்பில் லேசாக மின்சாரம் விட்டு, அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்களாம்.

“சுள்ளுன்னு இருக்கும் சார், செத்த பொறுத்துக்கங்க” என்றார் டெக்னீஷியன். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

“எப்பத்தாம்ப்பா ஆரம்பிப்ப?”

“ஆரம்பிச்சு அம்புட்டு நேரமாச்சே சார். ஒண்ணுமே தெரியலையா?”

பிறகு டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “நடக்கையில கால்ல செருப்பு கெடக்குதா, கழண்டுருச்சான்னு உங்களுக்குத் தெரியுதா?”

அண்ணே, எனக்கு வேர்த்துவிட்டது.

என் புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்று நீ செருப்போடு பூஜையறைக்குள் வந்து நின்றாய். என் மாமனார் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். “ஏலே, சத்தியமா தெரியலடா. கழட்டிட்டேன்னுதான் நெனச்சேன்” என்றாய். “கால்ல கெடக்குறது தெரியாம இருக்க நீ என்ன கட்டையா? என் வீடு உனக்குச் சந்தையா?” என்று கத்தினேன். நீ படியிறங்கிப் போனாய். வேண்டுமென்றே செய்தாய் என்றுதான் இத்தனை வருடமும் நம்பினேன். அப்படி நம்பாதவர்களோடும் பேச்சை நிறுத்தினேன்.

“சுகர் இல்ல. பரம்பரையா வர்ற மாதிரி இருக்கு. கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் இருக்கா?” என்றார் டாக்டர்.

“கூடப் பொறந்தவங்க யாருமில்ல.” வாய் பழகிவிட்டது. அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவியும் மதினியும் போனில் பேசுவதை நிறுத்தவே இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “நம்ம கவிதாவும் சமதரையில விழுகுறாளாம். போனப் பாத்துக்கிட்டே நடக்குறான்னு அக்கா ஏசுறாங்களாம். நீங்க சொன்னாத்தான டாக்டர்ட்ட போவாங்க?” என்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண். உனக்கு விழுந்த ஏச்சு உன் மகளுக்கும் விழுகிறது.

நாலு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். உன் மேல் எனக்கு வேறு கோபங்களும் உண்டு. நான் வந்து சேருமுன் அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துவிட்டாயே, அதை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் இந்த ஒரு கோபம் பொய்யாகிவிட்டது. உனக்கும் இதே நோய்தானா? சோதித்துச் சொல்ல நீ இல்லை. ஒரு டாக்டரிடம் காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா? என்னிடம் இன்னொரு முறை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால், நான் கேட்டிருப்பேனா?

நாளைக் காலையில் சித்தையன்கோட்டையில் உன் வீட்டுக்கு வருகிறேன். மதினி வாசலில் நிறுத்தி வைத்து ஏசட்டும். முடிக்கிற வரை நிற்பேன். கவிதாவைக் கிளினிக்கிற்குக் கூட்டிப் போவேன். டாக்டரிடம் நான் சொன்னது பொய் என்று அவள் முன்னாலேயே ஒப்புக்கொள்வேன். விழுவது அவள் தப்பில்லை என்று மதினியின் காதுபடச் சொல்வேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவளிடமாவது சொல்லிவிடுவேன், அண்ணே.

உன் கூடப் பிறந்த தம்பி,
முருகேசன்